கொடுவாவுக்கு எறிந்த தூண்டில்

தொண்ணூறுகளின் முற்பகுதியில் கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சைக்கிள் திருத்தும் கடை இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் கடையைப் பூட்டிவிட்டு, பாண்டிருப்பிலிருந்து வரும் என் கூட்டாளியோடு ஆற்றுப் பாலத்தடிக்குக் கொடுவா மீன் பிடிக்கப் போவேன். அவன் தபால் கந்தோரில் வேலை செய்தான். அவன் தமிழன், நான் முஸ்லிம்; சேர்ந்து நடந்தால் இரண்டு பக்கமும் முறைத்துப் பார்த்த காலம் அது.

மாரியில் வயல் தண்ணீரெல்லாம் இறங்கி ஆறு தேத்தண்ணி நிறத்தில் ஓடும். அந்தக் கலங்கலுக்குள் எதை எறிவது என்பதில் எங்களுக்குள் ஓயாத தர்க்கம். மினுங்கும் தகட்டைத்தான் மீன் காணும் என்பேன் நான்.

"அது கண்ணால தேடாது மச்சான், காதாலதான் தேடும்" என்பான் அவன்.

முள்முருக்கு மரத்தில் ஒரு மீனைச் செதுக்கி, கறுப்புப் பூசி, வயிற்றைக் குடைந்து என் கடையின் சைக்கிள் போல்ஸ் குண்டுகள் மூன்றை உள்ளே போட்டிருந்தான். இழுத்தால் கிலுகிலுக்கும். பாலத்தூண்களுக்குப் பின்னால், நீரோட்டம் அடிக்காத இடத்தில் எறிந்து, கொஞ்சம் இழுத்து, கொஞ்சம் நிறுத்த வேண்டும். நிறுத்தும்போதுதான் கொடுவா அடிக்கும். என் தகட்டுக்கு ஒன்று கிடைத்தால் அவன் கட்டைக்கு நான்கு கிடைத்தது.

ஒரு சனிக்கிழமை அந்தக் கட்டையை நான்தான் எறிந்தேன். தூணடியில் எதிலோ மாட்டியது. மரக்கொப்பு என்று நினைத்து இருவரும் சேர்ந்து தங்கூசி நூலை இழுத்தோம். மெதுவாக அசைந்து வந்தது ஒரு மனிதன். குப்புறக் கிடந்தான். கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தன. கொக்கி அவனுடைய சாரனில் ஏறியிருந்தது. இடுப்பில் எங்கள் முஸ்லிம் ஆட்கள் கட்டும் அகலமான பச்சை வார். அதன் கொளுக்கியில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.

"எங்கட ஆள்தான்" என்றேன். "கரையில எடுத்துப் போடுவம்."

"எடுத்தா யார் கொன்னதெண்டு நம்மளத்தான் கேப்பாங்க. என்னை உசிரோட விடுவாங்களா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. தங்கூசியை அறுத்தது நான். தண்ணீர் அந்த உடலை முகத்துவாரத்துப் பக்கம் இழுத்துப் போனது.

அடுத்த கிழமை ஒரு பெண் கடை கடையாக ஏறி இறங்கி என்னிடமும் வந்தாள். நெல் வாங்கப் போன கணவன் திரும்பவில்லையாம்.

"பச்ச வார் கட்டியிரிப்பார் காக்கா. கொளுக்கி உடஞ்சி நான்தான் செம்புக் கம்பி சுத்திக் குடுத்த. கண்ட நீங்களா?"

"இல்ல தங்கச்சி" என்றேன்.

இரண்டு மாதம் அந்த 'இல்ல'யோடு இருந்தேன். பிறகொரு நாள் சோறு போட்டுக்கொண்டே என் மனைவி சொன்னாள்: "அந்தப் புள்ள இத்தாவும் இருக்கேலாமக் கிடக்குதாம். புருஷன் மௌத்தா, ஹயாத்தா எண்டே தெரியாதே." புருஷன் இறந்தது உறுதியானால்தான் ஒரு பெண் இத்தா என்ற நான்கு மாதம் பத்து நாள் துக்கம் இருக்கலாம். மறுநாள் அந்தப் பெண்ணின் வாசலில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அண்டைக்கே ஏன் சொல்லல்ல?"

"பயத்துல."

"எனக்கும் பயம்தான் காக்கா. அதோடதான் கடை கடையா ஏறி இறங்கின."

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அவள் புருஷனுக்குக் காயிப் ஜனாஸா தொழுதார்கள். முன்னால் மையித்து உடல் இல்லாமல் தொழுத அந்தத் தொழுகையில் நான் கடைசி வரிசையில் நின்றேன். அவள் மிச்ச நாட்களுக்கு இத்தா இருக்கத் தொடங்கினாள்.

கதை பரவியது. பொலிசில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரு மணித்தியாலம். என் கூட்டாளியை நான்கு நாள் வைத்திருந்தார்கள். வெளியே வந்தவன் நேரே என் கடைக்கு வந்தான். இடது கையை மடக்க முடியாமல் தொங்கவிட்டிருந்தான். கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"அந்தப் பொம்புளக்கிச் சொன்னது சரிதான் மச்சான். என்ட பேர ஏன் சொன்ன?"

அடுத்த மாதமே மட்டக்களப்புக்கு மாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டான்.