பஸ் ஹாரனும் ஒட்டீலியாவின் நீல வாளியும்

காலை ஏழு மணிக்கு மஸ்விங்கோ டவுனுக்குப் போகும் பஸ் எங்கள் ஊர்த் திருப்பத்தில் ஹாரன் அடிக்கும். அடித்ததும் ஆறு வீடுகளில் ஆறு பேர் மாத்திரையை வாயில் போட்டுக்கொள்வோம். இது அரசாங்க உத்தரவு இல்லை, ஒட்டீலியா அக்காவின் உத்தரவு. அரசாங்கத்தையாவது ஏமாற்றிவிடலாம்.

எங்கள் ஆறு பேர் உடம்பிலும் எச்.ஐ.வி. கிருமி இருக்கிறது. மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை, தினம் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முறை வைத்து ஒருவர் எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவமனைக்குப் போய் எல்லோருக்கும் வாங்கி வருவோம். ஒவ்வொரு மாதமும் ஒரு சனிக்கிழமை அக்கா வீட்டு மாமரத்தடியில் கூட்டம். மிச்சமிருக்கும் மாத்திரைகளை அக்கா தட்டில் கொட்டி எண்ணுவாள். இருக்க வேண்டியதற்கு மேல் ஒன்று இருந்தாலும் போச்சு. கவிழ்த்துப் போட்ட நீல வாளியில் உட்கார்ந்து, சர்ச்சில் பாடும் ஒரு ஞானப்பாட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பாட வேண்டும். நான் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். நான் சைக்கிள் பழுது பார்க்கிறவன், பாடகன் இல்லை. என் பாட்டைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கழுதை எதிர்ப்பாட்டுப் பாடியதாக இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஒருமுறை டீசல் கிடைக்காமல் பஸ் வரவில்லை. எங்கள் குழுவில் மூத்தவரான ஸ்விட்ஸாய் கிழவர் ஒரு கையில் மாத்திரையும் மறு கையில் தண்ணீருமாக மதியம் வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "ஹாரன் வரலியேம்மா!" என்றார். அதற்குப் பிறகு பஸ் வராத நாட்களில் அக்காவே கரையான் புற்றின் மேல் ஏறி நின்று "பாம்... பாம்..." என்று கத்துவாள். பஸ்ஸை விட அது தெளிவாகக் கேட்கும்.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. வேர்க்கடலையை அரைத்து வெண்ணெயாக்கிப் பாட்டிலில் அடைத்து விற்கிறாள். அவள் புருஷன் இதே நோயில் செத்துப்போனபோது எங்கள் பக்கம் இந்த மருந்தே வந்திருக்கவில்லை. மருந்து வந்தபோது அக்காவைத் தள்ளுவண்டியில் வைத்துத்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். தள்ளியவன் நான். உள்ளே ஆள் இருக்கிற கனமே தெரியவில்லை. அப்படிப்பட்டவளுக்கு அந்த மாத்திரை உயிர் கொடுத்தது. மற்ற பெண்கள் மாத்திரை டப்பா குலுங்கி ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று உள்ளே பஞ்சை அடைத்துக்கொண்டு போவார்கள். அக்கா வேண்டுமென்றே குலுக்கிக்கொண்டு வருவாள். "என்னைக் காப்பாத்துனது இது. நான் ஏன் மறைக்கணும்?" என்பாள்.

குழுவில் சின்னவள் நெட்சாய், அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அவளுக்கு மருத்துவமனையில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, இரவு சாப்பாட்டோடு போடச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கோ ராத்திரியானால் தூக்கம், மறந்துவிடுவாள்.

"எதுக்குடி ரெண்டு நேரம்? எல்லாத்தையும் ஹாரனுக்கே போடு. ஒரே வேலை" என்றாள் அக்கா.

"சரி அத்தை" என்றாள் நெட்சாய். அத்தை சொன்னதற்கு மறுபேச்சு ஏது?

இப்படியே சில வாரம் போனபின், அக்காவின் வருடாந்திர ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது, நேரில் வரவும் என்று செய்தி வந்தது. மருந்து வாங்கும் முறையும் அப்போது என்னுடையதுதான். அக்காவைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே நர்ஸாக இருக்கும் சிஸ்டர் முரேவா கதவைச் சாத்தினார். "போன வருஷம் டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் கிருமி கொறஞ்சிருந்துச்சு. இப்ப ஆயிரக்கணக்குல ஏறிக் கெடக்கு. உண்மையைச் சொல்லுங்கம்மா, எத்தனை நாள் மாத்திரையை விட்டீங்க?"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "பதினஞ்சு வருஷம் சிஸ்டர்! ஒரு நாள் விட்டிருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும். டேய் ஜெஃபத், சொல்லுடா!"

"விடமாட்டா சிஸ்டர். எங்களையே விடமாட்டா" என்றேன். ஆனால் உள்ளுக்குள் அந்த நீல வாளி வந்து நின்றது. மூன்று முறை உட்கார்ந்தவனுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வரத்தான் செய்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சிஸ்டர் அக்காவின் பையை மேஜையில் கொட்டச் சொன்னார். பாட்டுப் புத்தகம், கைக்குட்டை, மாத்திரை டப்பா, அப்புறம் ஒரு அட்டை நிறைய வெள்ளை வெள்ளையாகப் பெரிய வில்லைகள்.

"இது?"

"நெஞ்செரிச்சலுக்கு. கொஞ்ச மாசமா கடையில வாங்குறேன், மென்னு திங்குறது."

"எப்பத் திங்குறீங்க?"

"ஹாரன் அடிச்சதும்தான், மாத்திரையோட சேத்து. வெறும் வயித்துல மாத்திரை எரிச்சல் பண்ணக் கூடாதுல்ல?"

சிஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க முழுங்குன மருந்தை இந்த வில்லை வயித்துலயே புடிச்சு வச்சுக்கிது. ரத்தத்துக்குப் போகவே விடல. முதல்ல நம்ம மாத்திரை. ரெண்டு மணி நேரம் கழிச்சு இதைத் தின்னுங்க. தெரியாம இதை முதல்ல தின்னுட்டா, மாத்திரைக்கு ஆறு மணி நேரம் பொறுக்கணும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் இப்படித்தான், வெறும் வயித்துல சேத்துப் போட்டா மருந்தைப் புடிச்சுக்கும். கடையில எதை வாங்குனாலும் எங்கிட்ட காட்டிட்டு அப்புறம் வாயில போடுங்க."

இரும்பு என்றதும், சாமான்களை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"உங்க குழுவுல வேற யாராவது இப்படிச் சேத்துப் போடுறாங்களா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"இல்ல சிஸ்டர்" என்று அக்கா சட்டென்று சொன்னாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

மருந்தை வாங்கிக்கொண்டு திரும்பினோம். அக்கா டப்பாவுக்குள் கைக்குட்டையைத் திணித்திருந்தாள் போலிருக்கிறது, வழியில் அது குலுங்கவே இல்லை. பாதி வழியில் வற்றிக்கிடந்த ஆற்றைத் தாண்டியதும் முதுகில் ஒரு குத்து விழுந்தது.

"நிறுத்துடா. பொய் சொல்லிட்டு வந்துட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு வந்தியா? நீயெல்லாம் ஒரு மனுஷனா?"

"உன் முன்னால வாயைத் தொறந்து என்னைக்குக்கா ஜெயிச்சிருக்கேன்?"

அவள் சிரிக்கவில்லை. "நம்மளே தப்பு பண்ணுனோம்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்னு நெனச்சுட்டேன்டா. அந்தப் புள்ள வயித்துல இருக்குறதுக்குக் கிருமி தொத்திருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? திருப்பு சைக்கிளை."

திரும்பப் போவது முழுக்க மேடு. எனக்கு மூச்சு வாங்கியது. வழியெல்லாம் மனசுக்குள் அவளைத் திட்டிக்கொண்டேதான் மிதித்தேன். நெட்சாய் விஷயத்தை அக்கா சொன்னாள், சிஸ்டர் கேட்டுவிட்டுத் திட்டவில்லை. "நாளைக்குக் காலையிலயே கூட்டிட்டு வாங்க. பயந்து போய் மாத்திரையை நிறுத்திடப் போறா, அதை முதல்ல சொல்லுங்க" என்றார்.

சிஸ்டர் சொன்னது சரியாகப் போயிற்று. விஷயத்தைக் கேட்டதும் நெட்சாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டும் வேணாம் அத்தை. இன்னையோட நிறுத்திடுறேன்."

"நிறுத்துன, கையை ஒடிச்சுடுவேன். ரெண்டும் வேணும். சேத்துப் போடச் சொன்னது என் தப்பு. அத்தை பேச்சைக் கேட்டது உன் தப்பு இல்ல" என்றாள் அக்கா. குரல் வழக்கம்போல மிரட்டல்தான், கண்தான் கலங்கியிருந்தது.

மறுநாள் நெட்சாயின் ரத்தம் எடுத்தார்கள். அவளுக்கும் கிருமி ஏற ஆரம்பித்திருந்தது. பிரசவத்துக்கு ஆறு வாரம் இருந்தது. அதற்குள் அது இறங்கியாக வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை மாமரத்தடியில் தட்டில் மாத்திரைகள் எல்லோருக்கும் சரியாக இருந்தன. அக்கா எழுந்துபோய் நீல வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தாள்.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு, நீ ஏன்மா உக்காருற?" என்றார் ஸ்விட்ஸாய் கிழவர்.

நெஞ்செரிச்சல் வில்லையிலிருந்து சிஸ்டரிடம் சொன்ன பொய் வரைக்கும் அக்கா ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு பாட்டையும் பாடினாள். நாலு சரணமும் பாடினாள். யாரும் சிரிக்கவில்லை. கழுதைகூட வாயைத் திறக்கவில்லை.

இரும்பு மாத்திரை மறுபடி இரவுச் சாப்பாட்டுக்குப் போயிற்று. நெட்சாய் மறக்கக் கூடாதென்று தினமும் பொழுது சாயும்போது அக்காவே சோளக்களியும் கீரையும் எடுத்துக்கொண்டு போய், அவள் சாப்பிட்டு மாத்திரை போடும்வரை உட்கார்ந்திருந்து வந்தாள். ஒரு மாதத்தில் நெட்சாயின் கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கீழே இறங்கியது. அக்காவுக்கும் பிறகு இறங்கிவிட்டது. பெண் குழந்தை பிறந்தது. ஆறாவது வாரம் குழந்தையின் ரத்தத்தை எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று அக்கா சிஸ்டர் முன்னால் போகவே மாட்டேன் என்று வெளியே மரத்தடியில் நின்றுகொண்டாள். நெட்சாய் ஓடி வந்து, "இல்ல அத்தை! கிருமி இல்ல!" என்றாள். பால் மறக்கும் வரை இன்னும் பரிசோதனைகள் இருப்பதாகப் பின்னாலேயே வந்த சிஸ்டர் சொன்னார். அதையெல்லாம் யார் கேட்டது? அக்கா தரையில் உட்கார்ந்து ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள். நானும்தான்.

நீல வாளி இப்போது நெட்சாய் வீட்டில் இருக்கிறது. குழந்தையைக் குளிப்பாட்ட அதுதான் வசதி என்று அக்கா தூக்கிக் கொடுத்துவிட்டாள். காலையில் ஹாரன் அடித்தால் குழந்தை வீறிட்டு அழுகிறது. அங்கேயே வந்து நிற்கும் அக்கா தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, டப்பாவை இறுக்க மூடி, குழந்தையின் காதோரம் குலுக்குகிறாள். குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு டப்பாவையே பார்க்கிறது. பக்கத்தில் நெட்சாய் தண்ணீரோடு மாத்திரையை விழுங்குகிறாள், ஒன்றே ஒன்றை.