பாதிக்கு மேல் திருகக் கூடாது

என் குரல்வளையை எடுத்த பிறகு, என் மகள் என்னிடம் கேட்கிற கேள்விகள் எல்லாம் மாறிவிட்டன. காப்பி குடிச்சீங்களா, மாத்திரை போட்டீங்களா, கேட்டைப் பூட்டிட்டீங்களா, அங்க மழையா. எல்லாம் ஆமாம், இல்லை என்று முடிகிற கேள்விகள். போனின் முதுகில் நகத்தால் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டினால் இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் நான் குழாய்களோடு படுத்துக் கிடந்தபோது அவளே ஏற்பாடு செய்த பாஷை இது. அப்போது வசதியாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, காயம் ஆறி, எழுந்து நடமாடிய பிறகும் அதே பாஷையில் குடும்பம் நடத்த வேண்டியிருக்கும் என்று யார் கண்டது?

எப்படி இருக்கீங்க என்று மட்டும் அவள் கேட்கவே மாட்டாள். கேட்டால் நான் எத்தனை தட்டுவது?

நான் வாய் ஓயாமல் பேசிய ஆள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவன். அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடுகிற சத்தத்துக்கு மேலே என் குரல் கேட்க வேண்டும். "ஏலே, விரலப் பாக்காத, பேப்பரப் பாரு!" என்று ஒரு அதட்டல் போட்டால் கீழே டீக்கடையில் இருக்கிறவனும் நிமிர்ந்து உட்காருவான். என் மகள் அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தவள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடைசி மேசையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அவளும் நானும் பேசிக்கொண்டால் கேட்கிறவர்களுக்குச் சண்டை மாதிரிதான் இருக்கும். புனேவுக்கு வேலைக்குப் போன பிறகும் போனில் தினமும் ஒரு சண்டை உண்டு. அவள் அம்மா இருந்தவரை, "போதும், வைங்க ரெண்டு பேரும்" என்பாள். அந்த மகராசி போய்ச் சேர்ந்த பிறகு வைக்கச் சொல்ல ஆள் இல்லை. நாங்களும் வைக்காமல் பேசிக்கொண்டிருந்தோம்.

அதில்தான் மண் விழுந்தது. தொண்டையில் கட்டி என்றார்கள், எடுத்தார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை இருக்கிறது, மூச்சு அது வழியாகப் போகிறது. வாய் அசையும், சத்தம் வராது.

பேசுவதற்குக் கழுத்தில் வைத்து அழுத்துகிற ஒரு கருவி கொடுத்தார்கள். அதை வைத்து நான் என் பெயரைச் சொன்னபோது வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது. போதும்டா சாமி என்று பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். வீடியோவில் பேசலாம் என்றாள் மகள். வீடியோவில் வந்தால் என் முகத்தைப் பார்க்காமல் கழுத்தையே பார்த்தாள், பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதையும் நிறுத்திவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதலாமே என்பீர்கள். வாழ்நாள் முழுக்கப் பத்து விரலால் அடித்தவனை ஒரு கட்டைவிரலால் அடிக்கச் சொல்வது என்ன நியாயம்? நான் ஒரு வரி தேடி முடிப்பதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போயிருப்பாள். சிரமப்பட்டுப் பத்து வரி எழுதி அனுப்பினால், ஆபீஸ் மீட்டிங்கில் இருந்துகொண்டு ஒரு கட்டைவிரல் படம் அனுப்புவாள்.

வெளியில் இன்னும் மோசம். பேச்சுப் போனால் காதும் சேர்ந்து போய்விடும் என்று இந்த ஊரில் யார் சொல்லி வைத்தார்களோ தெரியவில்லை. பால்காரர் என் காதுக்குள் கத்துகிறார். காய்கறிக்காரம்மா விலையை விரலில் காட்டுகிறது. "வெஞ்சனத்துக்கு என்ன வேணும்? கத்திரிக்காயா? வெண்டைக்காயா?" என்று தெருவே கேட்கிற மாதிரி கூவிவிட்டு, தலையாட்டுகிறேனா என்று பார்க்கும். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வந்து என்ன செய்ய? கோபத்துக்கும் குரல் வேண்டியிருக்கிறதே. வாயைத் திறந்து மூடிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். வந்தால் வீட்டில் மிக்ஸி சத்தம்கூட இல்லை. எனக்குத் தனியாக இருப்பது பழகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். பழகவில்லை.

இந்த நிலையில்தான் அந்த லேப்டாப்பை மேலே பரணிலிருந்து இறக்கினேன். இன்ஸ்டிட்யூட் போர்டில் 'கம்ப்யூட்டர்' என்று ஒரு வார்த்தை எழுதாவிட்டால் பிள்ளைகள் வராது என்ற காலத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. செங்கல் கனம். யூ.எஸ்.பி. என்ற பேச்சே கிடையாது. கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் ஓடும். பேட்டரி என்றோ செத்துவிட்டது, கரண்டில் செருகினால் மட்டும் எழுந்திருக்கும். ஆனால் கீபோர்டு இருக்கிறதே, அது கீபோர்டு. அழுத்தினால் இறங்கும், விட்டால் ஏறும், கடகடவென்று சத்தம் போடும். விரல்களை அதன்மேல் வைத்ததும் அவை தானாகத் தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. ரொம்ப நாளைக்குப் பிறகு நான் ஒரு வேகத்தில் பேசுகிற மாதிரி இருந்தது.

நான் எப்போதும் போகிற மொபைல் கடைக்காரர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். நான் பேச முடியாமல் போனது அவருக்கு ஒரு வகையில் சௌகரியம். கையில் வைத்திருக்கும் பிளாஸ்டிக் சிலேட்டில் எழுதிக் காட்டினேன்: 'இதில் அடித்தால் அது வாய்விட்டுப் படிக்க வேண்டும்.'

"ஏனுங்க சார், புதுசா ஒண்ணு வாங்கிட்டா அதுவே பேசுமுங்களே? இதுக்கு எதுக்குங்க இவ்வளவு மெனக்கெடோணும்?"

புது லேப்டாப் ஒன்றில் அடித்துப் பார்த்தேன். அப்பளத்தின் மேல் அடிக்கிற மாதிரி இருந்தது. சிலேட்டில் 'முடியாது' என்று எழுதினேன்.

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு எங்கோ இணையத்தில் தேடி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டியை வரவழைத்தார். கண் தெரியாதவர்களுக்காக யாரோ செய்தது. லேப்டாப்பின் பின்னால் இருக்கும் ஒன்பது ஊசி சாக்கெட்டில் அதன் வயரைச் செருகிவிட்டு, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து எண்டர் தட்டினால் போதும், பெட்டி தமிழில் படிக்கும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். ஒரே ஒரு குறை. அதில் இருந்த தமிழ்க் குரல் ஒரு பெண் குரல். செய்தி வாசிக்கிற பெண் மாதிரி, சுத்தமாக, நிதானமாக.

"பரவால்லீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அடித்தேன். அந்தப் பெண் அழகாகச் சொன்னாள்: "சிரிக்காதய்யா, வேலையைப் பாரு."

வேலை அங்கேதான் நின்றது. கடையில் ரிப்பேர் மேசையிலிருந்து கரண்டு கொடுத்திருந்தார், வீட்டில் பெட்டிக்கு எங்கிருந்து கொடுப்பது? அந்த ஒன்பது ஊசி எழுத்தைக் கடத்தும், கரண்டு கொடுக்காது. போன் சார்ஜரில் செருகினால், அந்தப் பெண் பேசும்போது பின்னால் வண்டு இரைகிற மாதிரி ஒரு ஓசை. பவர் பேங்க் வாங்கிப் பார்த்தோம். முதல் வாக்கியம் பேசும். அடுத்ததற்கு நான் செத்த நேரம் யோசித்தால் போதும், பவர் பேங்க் அணைந்துவிடும்.

"பெட்டி சும்மா இருக்கறப்ப ரொம்பக் கம்மியா கரண்டு எடுக்குதுங்க. அந்தப் பக்கம் ஆளே இல்லைன்னு நெனச்சுக்கிட்டு இது ஆஃப் ஆயிருதுங்க சார்" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். பேசாமல் இருந்தால் ஆள் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு இந்த ஊர் போதாதா? அதைத் தூக்கி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் அவரே வீட்டுக்கு வந்தார். லேப்டாப்பின் முதுகில் மவுஸ் செருகுகிற வட்டமான ஒரு பழைய சாக்கெட் இருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்து, அதில் ஒரு ஊசியில் ஐந்து வோல்ட் வருகிறது என்று கண்டுபிடித்தார். முதலில் தப்பான ஊசியைப் பிடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய மவுஸ் ஒன்றின் வாலை வெட்டி, அதன் இரண்டு வயரைப் பெட்டிக்குப் பற்றவைத்தார். செருகியதும் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. இரைச்சல் இல்லை. நான் யோசிக்கிற வரைக்கும் காத்திருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லிப்புடறேனுங்க சார். இது மவுஸுக்குன்னு வச்ச கரண்டு. லேப்டாப்புக்குள்ள கடுகாட்டம் ஒரு ஃபியூஸ் இருக்குதுங்க. சத்தம் ஏற ஏற பெட்டி கரண்ட அதிகமா இழுக்கும். இந்தக் குமிழைப் பாதிக்கு மேல திருகாதீங்க. போச்சுன்னா போச்சுங்க, அதைப் பிரிச்சு மாத்தறது என்னால ஆகாதுங்க."

நான் தலையாட்டினேன். சத்தம் போடாமல் பேசு என்று என் மனைவி ஆயுள் முழுக்கச் சொன்னாள். கடைசியில் ஒரு மவுஸ் சாக்கெட் சொல்லிக் கேட்க வேண்டியதாயிற்று.

மகளிடம் நான் எதையும் சொல்லி வைக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் கூப்பிடுகிற நேரத்துக்கு முன்பே சட்டை மாற்றி, தலை வாரி மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டேன். எதற்குத் தலை வாரினேன் என்று கேட்காதீர்கள். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அப்பா, காப்பி குடிச்சீங்களா?"

நான் தட்டவில்லை. அடித்தேன். அந்தப் பெண் பேசினாள்: "ஆத்தா, அப்பா பேசுறேன்."

"யாருங்க பேசுறது?"

"நாந்தான் ஆத்தா. எம்புட்டு நாளாச்சு பேசி." செய்தி வாசிக்கிற குரலில் எம்புட்டு என்பது வேறு யாரோ நம்மைக் கேலி செய்கிற மாதிரி இருந்தது.

"ஹலோ, நீங்க யாரு? அப்பா எங்க? போனை அப்பாகிட்ட குடுங்க."

"அப்பா இங்கேதான் இருக்கேன்."

"அப்பாவுக்கு என்ன ஆச்சு? ஏன் நீங்க பேசுறீங்க? நர்ஸா? எந்த ஆஸ்பத்திரி, சொல்லுங்க!" அவள் குரல் உடைந்துவிட்டது. நான் அடிக்க அடிக்க பெட்டிக்குள் இருந்த அந்தப் பாவி மகள் அவசரமே இல்லாமல் ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தாள். என் மகள் அதற்குமேல் கத்துகிறாள், ஒன்றும் காதில் வாங்கவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு கையால் குமிழைப் பிடித்துக் கடைசிவரை திருகினேன். மறு கையால் அடித்து எண்டர் தட்டினேன்.

"நான்தான்டி உன் அப்—"

பச்சை விளக்கு போய்விட்டது.

குமிழை ஆட்டினேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். கடுகு அளவு ஃபியூஸ் போனது போனதுதான். திரை மட்டும் எரிந்துகொண்டிருந்தது. நான் சொல்ல வந்தது முழுசாக அதில் நின்றது, படிக்கத்தான் ஆள் இல்லை. அழுகை வந்தது. எனக்கு அழுவதற்கும் சத்தம் கிடையாது.

"அப்பா?" என்றாள். "அப்பா, இருக்கீங்களா?"

போனின் முதுகில் ஒரு தட்டு தட்டினேன்.

அவள் மூச்சு விடுவது கேட்டது. "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

இதற்கு ஒன்றா, இரண்டா? என்ன கேள்வி இது? எரிச்சலில் என் கை போனைவிட்டு கீபோர்டுக்குப் போய்விட்டது. கேட்கிற கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தெரியாதா, எத்தனை நாளைக்கு ஆமாம் இல்லை என்று என்னை உட்கார வைத்திருப்பாய் என்று திட்டி அடித்தேன். பெட்டி செத்துக் கிடக்கிறது என்று தெரியும். தெரிந்தும் கடகடவென்று அடித்தேன்.

"அப்பா…" என்றாள், மெதுவாக. "டைப் அடிக்கிறீங்களா?"

விரல் நின்றது. ஒரு தட்டு.

"அப்ப அந்தப் பொம்பள பேசுனது… நீங்க அடிச்சதா?"

ஒரு தட்டு.

"போயும் போயும் பொம்பளக் குரலா கெடச்சுச்சு உங்களுக்கு?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு கேட்டாள்:

"எப்படிப்பா இருக்கீங்க?"

நான் போனைத் தொடவில்லை. கீபோர்டில் கை வைத்தேன். நல்லா இல்லை ஆத்தா என்று அடித்தேன். உன் அம்மா படுத்த பக்கம் இன்னும் போர்வையை மடிக்காமல் வைத்திருக்கிறேன் என்று அடித்தேன். சாயங்காலம் நீ கூப்பிடுகிற வரைக்கும் இந்த வீட்டில் மனுஷ சத்தம் கிடையாது, நீ வைத்த பிறகும் கிடையாது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று அடித்தேன். ஒரு இடத்தில் தப்பாகிவிட்டது, டக் டக்கென்று ஒரே சாவியைத் தட்டிப் பின்னால் போய் அழித்தேன்.

"தப்பா அடிச்சுட்டீங்க" என்றாள். "வெரலப் பாக்காதீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே அடித்தேன். அவள் ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. அவள் பக்கம் வண்டிகள் போகிற சத்தம், யாரோ லிஃப்ட் கதவை மூடுகிற சத்தம் எல்லாம் கேட்டது. நடந்துகொண்டிருந்தவள் எங்கோ படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள் போலிருந்தது. திரை நிரம்பி எழுத்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. என்ன சொல்கிறேன் என்று ஒரு எழுத்துகூட அவளுக்குத் தெரியாது. கேட்டுக்கொண்டிருந்தாள்.

மூச்சு வாங்க நிறுத்தினேன்.

"முடிச்சுட்டீங்களாப்பா?"

இரண்டு தட்டிவிட்டு, அடுத்த வரிக்குப் போனேன்.