எங்கள் பாயில் விரிந்த அயர்லாந்துக் கோயில்

நான் அயர்லாந்துக்குப் போனதில்லை. ஆனால் அங்குள்ள கதீட்ரல் என்கிற ஒரு பழைய பெரிய சர்ச்சுக்குள் மேற்கு வாசல் வழியாக நுழைந்து, தூண் தூணாகப் பார்த்து, பின்பக்கத்துக் கல்லறைகள் வழியாக வெளியே வந்திருக்கிறேன். எல்லாம் நல்லேப்பிள்ளியில் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்தபடிதான். எழுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம்.

அழைத்துப் போனவர் என் அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை. மூணாறில் தேயிலை ஃபேக்டரி எஞ்சினியர். இலை காயவைக்கும் மெஷினை அயர்லாந்தில்தான் செய்கிறார்கள் என்று கம்பெனி அவரை ஆறு மாதம் அங்கே வேலை பழக அனுப்பியிருந்தது. போன காரியம் மெஷின். ஆனால் மனிதர் மெஷினைப் பற்றி வாயே திறக்கவில்லை. கொக்குக்கு ஒன்றே மதி என்பார்கள். இவருக்கு அந்தக் கதீட்ரல் ஒன்றே மதி.

அக்காவுக்கு அப்போது இருபத்தெட்டு. அதற்கு முன் ஏழு பேர் வந்து பஜ்ஜி தின்று, "சொல்லி அனுப்பறோமுங்க" என்று போயிருந்தார்கள். ஒருவரும் சொல்லி அனுப்பவில்லை. இதுவும் தட்டிப்போனால் இனி இரண்டாந்தாரமாகக் கேட்டுத்தான் வருவார்கள் என்று அம்மா ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். அப்பேர்ப்பட்ட நாளில் இந்த மகராசன் சித்திரை வெயிலில் கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, காபியைத் தொடாமல், ஆல்பத்தைப் பாயில் விரித்தார்.

"எண்ணூறு வருசத்துக் கட்டடமுங்க. உள்ள போனா ஒரு சத்தம் இருக்காதுங்க. நம்ம கோயல்ல எங்க பார்த்தாலும் எண்ணெப் பிசுக்கு, மணிச் சத்தம்."

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மாரியம்மனின் எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றிப் பேச இலை காயவைக்கிற இந்த ஆள் யார்? போட்டோக்களாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. எல்லாம் கறுப்பு வெள்ளை, எல்லாம் கல். ஒன்றில் கோபுரம் பாதி, இன்னொன்றில் இவர் தலை பாதி. சமாதி மேல் ஒரு பிரபுவும் அவன் மனைவியும் கல்சிலையாகக் கைகூப்பிப் படுத்திருக்க, அவர்கள் கால்மாட்டில் ஒரு கல்நாய். அதை மட்டும் நான்கு கோணத்தில் எடுத்திருந்தார்.

தரையெல்லாம் சமாதி, அதன் மேல்தான் நடக்க வேண்டும் என்றதும் அம்மா பாயிலிருந்து காலை இழுத்துக்கொண்டாள். "பொணத்து மேலயா நடந்தீங்க? வந்து தலைக்குத் தண்ணி ஊத்துனீங்களா?"

"அந்தக் குளுருல தலைக்கு ஊத்துனா என்னையும் அங்கயே பொதைச்சிருப்பாங்க."

அப்பா சிரித்தார். அக்காவும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பெண் பார்க்க வந்தவன் பெண்ணைப் பார்க்காமல் கல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறான், அதற்கு இளிப்பு வேறு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அக்கா அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இத்தன கல்லுக்குள்ள இருட்டா இருக்காதுங்களா?"

அவர் சட்டென்று பேச்சை நிறுத்தினார். ஆல்பத்தைப் புரட்டி ஒரு ஜன்னல் போட்டோவை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார். "இது கலர்க் கண்ணாடிங்க. வெயிலடிச்சா தரையெல்லாம் செகப்பு, பச்சை, நீலமா உழுகும். போட்டோவுல தெரியாதுங்க. நீங்களா நெனச்சுப் பார்த்துக்கோணும்."

தெரியாததை எதற்கப்பா காட்டுகிறாய் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

போகும்போது அந்தப் போட்டோவைப் பாயிலேயே விட்டுவிட்டுப் போனார். டீச்சர் டிரெயினிங் ஸ்கூல் கூட்டாளி ஒருத்தியிடம் அவரைப் போலவே பேசிக்காட்டி வயிறு வலிக்கச் சிரித்தேன். போட்டோவைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன் என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

மூன்றாம் நாள் அவர்களுக்குச் சம்மதம் என்று ஆள் வந்தது. இனி பாக்கி அம்மனிடம் பூ கேட்பதுதான். வெள்ளை அரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம். வாழையிலையில் மடித்து நாரால் கட்டி அம்மன் காலடியில் வைத்தால் பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் நடத்தலாம். சிவப்பு வந்தால் ராஜாவே கேட்டாலும் எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்க மாட்டார்கள். எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். கல்யாணப் பெண் பொட்டணம் கட்டக் கூடாது என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது.

இரண்டிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன்.

அக்காவை இந்த அரைவேக்காட்டிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் போய்விட்டால் மாட்டுக் கொட்டகை என் தலையில் விழும் என்பதும் அதில் இருந்தது. அன்று யாராவது கேட்டிருந்தால் சத்தியம் பண்ணி மறுத்திருப்பேன்.

பூசாரி எடுத்தார், பிரித்தார். சிவப்பு. அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தார். மற்றப் பொட்டணத்தைக் கிணற்றில் போடும்படி அக்காவின் கையில் கொடுத்தார்கள். அவள் போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் வெறுங்கையோடு திரும்பி வந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்பினேன்.

ஆவணியில் அந்த எஞ்சினியருக்கு வேறிடத்தில் கல்யாணம் ஆயிற்று. கேட்டதும், "பாவம், அவளாவது கல்லைப் பார்த்துக்கொண்டு கிடக்கட்டும்" என்றேன். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மார்கழியில் ஒரு ரவிக்கைத் துணி தேடி அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில், மடித்த புடவைக்குள் அந்தப் போட்டோ இருந்தது. அனுப்பவே இல்லை. ஜன்னலின் ஒவ்வொரு கண்ணாடிக்கும் வர்ணம் தீட்டியிருந்தாள், கோடு தாண்டாமல், சிவப்பும் பச்சையும் நீலமுமாக. என் டிரெயினிங் ஸ்கூல் வர்ணப் பெட்டியில் அந்த மூன்று வில்லையும் எப்படித் தேய்ந்தன என்று நான் கூட்டாளிகளோடு சண்டை போட்டிருந்தேன். தரையிலும், சமாதிக் கல்லின் மேல், வெளிச்சம் விழுகிற இடத்தில் லேசாக வர்ணம் ஓடியிருந்தது. அவர் சொன்னபடியே அவள் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

போட்டோவுக்குக் கீழே காய்ந்து சருகான ஒரு வாழையிலைப் பொட்டணம். நார் அவிழ்ந்திருந்தது. உள்ளே செவ்வரளி, கறுத்துப்போய்.

அவள் அதைக் கிணற்றடியிலேயே பிரித்துப் பார்த்து, மடியில் செருகிக்கொண்டு வந்திருக்கிறாள். திரும்பிக் கோயிலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கல்யாணம் நடந்திருக்கும். அப்பா என் தோலை உரித்திருப்பார்.

அவரை இளக்காரம் பேசிய வாய் அன்றோடு மூடியது. அந்த இளக்காரம் முழுவதும் இப்போது எனக்குத்தான், அதிலும் எனக்குச் சலுகை கிடையாது. அக்காவுக்கு அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. எங்கள் ஆறு ஏக்கர் நிலத்தையும் அவள்தான் பார்க்கிறாள். பொட்டணத்தைப் பற்றி இன்றுவரை என்னிடம் கேட்கவில்லை.