பசி என்று கேட்காத பிள்ளை

திருச்சியில் அப்பாவின் கம்பெனி கொடுத்த எங்கள் கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் சமையலறைக் கதவுக்கு உள்பக்கம் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் இருந்தது. மற்ற வீடுகளில் அதற்கு வேலையே இருந்திருக்காது. சமையலறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள்? எங்கள் வீட்டில் மட்டும் ஒவ்வொரு சாப்பாட்டு வேளைக்கும் அது விழும். அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். பின்னாலேயே நான் போக வேண்டும். கதவு சாத்தப்படும். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டதும் தம்பி உதட்டை உள்ளுக்கு இழுத்து இறுக்கி மூடிக்கொள்வான். அவனுக்கு அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. வாய்க்குத் தாழ்ப்பாள் போடுவதை அந்தக் கதவிடம்தான் கற்றுக்கொண்டான் என்று பிற்பாடு நாங்கள் கேலி செய்வதுண்டு. அன்று அது கேலி இல்லை.

எழுபதுகளின் கடைசி. மதியம் ரேடியோவில் பெண்களுக்காக ஒரு நிகழ்ச்சி வரும். அம்மா வேலையை விட்டுவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். கேரட் கண்ணுக்கு நல்லது என்பார்கள், கீரை ரத்தத்துக்கு நல்லது என்பார்கள், கேழ்வரகு எலும்புக்கு, முட்டை சதைக்கு, பேரீச்சம்பழம் எல்லாவற்றுக்கும். அவர்கள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தனித்தனியே கொடுத்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் அம்மா அத்தனையையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் குழைத்துவிடுவாள். இன்ன நிறம் என்று சொல்ல முடியாத ஒரு நிறத்தில் அது இருக்கும், கொத்தனார் குழைத்து வைத்த கலவை போல. அதை ருசி பார்க்கும் பாக்கியம் எனக்கும் கிடைத்திருக்கிறது. சத்து என்ற சொல்லைக் கேட்டாலே இன்றைக்கும் என் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

என் வேலை வேடிக்கை காட்டுவது. காக்கா, நாய், பஸ் கண்டக்டர், பக்கத்து வீட்டு மாமா தும்முவது, எல்லாம் செய்து காட்டுவேன். அவன் சிரிக்க வாயைத் திறக்கும் நொடியில் அம்மாவின் கை உள்ளே போய்விடும். சில நாட்களில் அவன் சிரிப்பதையே விட்டுவிட்டான். உள்ளே போனதையும் விழுங்க மாட்டான். கன்னத்தில் அடக்கிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பான். அம்மா மூக்கைப் பிடிப்பாள். அவன் விழுங்குவான். கொஞ்ச நேரத்தில் அத்தனையும் வாந்தியாக வெளியே வரும். அம்மா தரையைத் துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து பிசைவாள். வெளியே தெருவில் என் கூட்டாளிகள் பாண்டி ஆடும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்கும். கிண்ணம் காலியாகாமல் நான் வெளியே போக முடியாது. அவனும் போக முடியாது. இருவரையும் அம்மா அடைத்து வைத்திருப்பதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுக்குள் அவளும் இருந்தாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எனக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பாப்பா இருந்தாள். அப்பாவின் சொந்த ஊர் மண்ணச்சநல்லூர். நெல் அறுப்புக்காக அங்கே போயிருந்தபோது பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. வயிறு காய்ந்தால் தானாக நின்றுவிடும், சோறும் கூடாது, தண்ணீரும் கூடாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். அந்தக் காலத்தில் பல வீடுகளில் அதுதான் வைத்தியம். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அன்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அம்மா அங்கே மருமகள். சொன்னபடி செய்தாள். திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியபோது காலம் கடந்துவிட்டது. கொடுக்காதே என்று சொன்ன அதே வாய்கள், பெற்றவள் சரியாகக் கவனிக்கவில்லை என்று பிறகு பேசின. அதற்கப்புறம் பிறந்தவன் தம்பி. அவன் வாய்க்குள் போன ஒவ்வொரு கவளமும் அந்தப் பேச்சுக்கு அம்மா சொன்ன பதில்.

பதில் சரியாக வந்தபாடில்லை. தம்பி நாளுக்கு நாள் இளைத்தான். கிண்ணத்தைப் பார்த்தாலே அவனுக்குக் குமட்டியது. கடைசியில் அப்பா ஒரு நாள் லீவு போட்டு எங்கள் எல்லோரையும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த லேடி டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். அவர் தம்பியைப் படுக்க வைத்து வயிற்றைத் தட்டினார், கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். அவன் வாயைத் திறந்தால்தானே. பிள்ளைக்கு வியாதி ஒன்றும் இல்லை என்றார். அம்மாவிடம் ஒவ்வொரு வேளையும் என்ன நடக்கிறது என்று விசாரித்தார். அம்மா பெருமையாகவே கிண்ணத்தில் என்னென்ன போடுவாள் என்று ஒப்பித்தாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க சாப்பிட்டு உங்க பிள்ளை எப்பவாவது பார்த்திருக்கானாம்மா?"

அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. பிள்ளைகளுக்கு ஊட்டி, அப்பாவுக்குப் பரிமாறி, பாத்திரத்தை ஒதுக்கும்போது அடுப்படியில் நின்றபடியே மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வாள். எங்கள் தெருவில் எந்த அம்மாதான் உட்கார்ந்து சாப்பிட்டாள்? யோசித்துப் பார்த்தால், என் தம்பி பிறந்ததிலிருந்து அம்மா உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்ததே இல்லை. சாத்திய அறையில் தன் வாயில் திணிக்கப்படுகிற ஒன்று என்றுதான் சாப்பாட்டை அறிந்திருந்தான்.

டாக்டர் சொன்ன வழி இதுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஊட்டக் கூடாது. சாப்பிடு என்று சொல்லவும் கூடாது. வீட்டில் எல்லோரும் அவன் கண்ணெதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பசித்தால் கேட்பான், கேட்டால் கொடுக்கலாம். தண்ணீர் கொடுக்கலாமா என்று அம்மா கேட்டாள். தாராளமாக, எப்போது வேண்டுமானாலும் என்றார் டாக்டர். வாசல்வரை வந்தவள் திரும்பிப் போய் மறுபடியும் தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்டாள். அந்த அறையில் அப்பாவுக்கு மட்டும்தான் அவள் ஏன் அப்படிக் கேட்கிறாள் என்று தெரியும். அவர் செருப்பை மாட்டுவது போலக் குனிந்துகொண்டார்.

அங்கிருந்து ஸ்ரீரங்கத்தில் பெரியம்மா வீட்டுக்குப் போனோம். விஷயத்தைக் கேட்டதும் பெரியம்மா டாக்டரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டாள், டாக்டர் அங்கே இல்லாவிட்டாலும். பச்சைப் பிள்ளையைப் பட்டினி போடச் சொல்கிற படிப்பு என்ன படிப்பு என்றாள். திரும்பும்போது, பாலத்தைக் கடக்கையில், அம்மா பஸ் ஜன்னல் வழியே காவிரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். காவிரியில் நிறையத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

அப்பாவின் வார விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். காலையிலேயே அப்பா வாசல் கதவைச் சாத்திவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வடையும் கையுமாக வந்து நின்றால் எல்லாம் கெட்டுப்போகும். சமையலறைக் கதவு அன்று திறந்தே கிடந்தது. கூடத்தில் நானும் அப்பாவும் இட்லி சாப்பிட்டோம். எதிரில் தம்பிக்கு ஒரு தட்டு. அவன் அதைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, யாரும் பிடித்து இழுக்கவில்லை என்று தெரிந்ததும் ஓடிப் போனான். நானும் அப்பாவும் சாப்பிடுவதில் அவனுக்குப் புதுமை ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. அம்மா உட்காரவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். டம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு அவன் பின்னாலேயே நடந்தாள். அதை மட்டும் அவன் குடித்தான்.

மதியமும் அப்படியே போனது. வெயில் ஏற ஏற வீடு புழுங்கியது. தம்பி விளையாட்டை விட்டுவிட்டு சிமெண்ட் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டான். கட்டைவிரல் வாயில் இருந்தது. கண் திறந்திருந்தது. அம்மா அவனைப் பார்த்தாள், கிண்ணத்தை எடுக்க உள்ளே போனாள். அப்பா எழுந்து போய் அவள் கையைப் பிடித்தார். டாக்டர் சொன்னதைக் கேட்போம், கொஞ்சம் பொறு என்றார்.

அம்மா அதற்குமுன் அப்பாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க. பெரியவங்க சொன்னதக் கேப்போம்னீங்க. அவ தண்ணி தண்ணின்னு கேட்டா. நான் குடுக்கல."

அப்பா கையை விட்டுவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். வாசல் கதவு சாத்திய அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேரும் அவரவர் இடத்திலேயே இருந்தோம். அம்மாவால் கொடுக்கவும் முடியவில்லை, கொடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. கொடுக்காததால் ஒன்றைப் பறிகொடுத்தாள், கொடுத்துக் கொடுத்து இன்னொன்றைப் பறிகொடுக்கப் போகிறாளோ என்ற திகில் அவள் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கு எல்லாம் விளங்கும் வயது இல்லை. ஆனால் பயம் விளங்கியது. அந்தக் கிண்ணத்தில் இருப்பதை நானே தின்றுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமோ என்றுகூட நினைத்தேன்.

நீயாவது சாப்பிடு என்று அப்பாதான் கெஞ்சினார். அவர் கெஞ்சியதற்காக அம்மா ஒரு தட்டில் மோர் சோற்றைப் போட்டுக்கொண்டு, எலுமிச்சை ஊறுகாயை ஓரத்தில் வைத்துக்கொண்டு, தம்பிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். யாருக்கோ கடனே என்று ஒரு கவளம், இன்னொரு கவளம். அப்புறம்தான் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும், தனக்கு எவ்வளவு பசி என்று. வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். ஊறுகாயை நக்கி நாக்கைச் சொடுக்கினாள்.

அந்தச் சத்தத்துக்குத் தம்பி தலையைத் தூக்கினான். எழுந்து வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவள் வாய் அசைவதையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தட்டைக் காட்டினான்.

"எனக்கு."

அம்மாவின் கை பழக்கத்தில் உருண்டையோடு மேலே எழும்பிவிட்டது. தம்பியின் உதடு உடனே உள்ளே போனது. அடுத்து அவள் செய்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். உருண்டையைத் தட்டிலேயே போட்டாள். தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள். எச்சில் கையை அப்படியே தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். தன் கையின்மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. தம்பி தட்டில் கையை விட்டு, பாதியைத் தரையில் சிந்தி, மீதியை வாயில் போட்டுக்கொண்டான். கேரட்டும் கீரையும் பேரீச்சம்பழமும் தோற்ற இடத்தில் மோர் சோறும் ஊறுகாயும் ஜெயித்தன. காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனாலும் மறுபடியும் கையை விட்டான்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிட்டதாகச் சொன்னால் அது பொய். தாழ்ப்பாள் அதற்குப் பிறகும் சில நாள் விழுந்தது. ஆனால் அம்மா எங்களோடு உட்கார்ந்து சாப்பிடப் பழகினாள், கீரையைக் கீரையாகவும் முட்டையை முட்டையாகவும் தட்டில் வைக்கப் பழகினாள். தம்பி அவள் தட்டிலிருந்து திருடித் திருடியே எல்லாவற்றையும் தின்னக் கற்றான். இன்று அவன் பிள்ளைகள் மேஜையில் உட்கார்ந்து தாங்களே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள், வேண்டாததை ஒதுக்குகிறார்கள், யாரும் அவர்களைத் துரத்துவதில்லை. அம்மா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிறாள். ஒதுக்கி வைத்த கேரட்டைப் பார்க்கும்போது மட்டும் அவள் கை மேஜை விளிம்பை இறுகப் பற்றிக்கொள்கிறது. அந்தக் கதவுக்கு வெளியே வந்துவிட்டாள் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம்.

அன்று சாயங்காலம் தம்பி தட்டை வழித்துவிட்டு அவள் மடியிலேயே தூங்கிப்போனான். முகமெல்லாம் மோர். துடைக்கப் போன என்னைத் தடுத்துவிட்டாள். அப்பா வாசல் கதவைத் திறந்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இல்லாத ஒருத்தியிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டான். குடுத்துட்டேன்."