கரிசலில் இறங்கினால் சங்கிலி தயார்

எழுபது வருடத்துக்கு முந்தைய விண்வெளிச் சிறுகதைகள் கிடைத்தால் இடைசெவல் டிராக்டர்காரர் கிங்ஸ்டனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். எல்லாக் கதையிலும் வேற்றுக்கிரகத்தார் வெளிநாட்டு வயலிலேயே இறங்குவதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மழைக்காலத்தில் நம் கரிசலில் இறங்கினால் சேற்றில் மாட்டிக்கொள்வார்களே என்று, இழுத்துவிட டிராக்டரில் எப்போதும் சங்கிலி வைத்திருந்தார்.

மழை விட்ட ஒரு காலையில் பருத்திக்காட்டுச் சேற்றில் ஏதோ பறந்துவந்து விழுந்தது. கிங்ஸ்டன் மடித்துக் கட்டிய கைலியை மரியாதையாக இறக்கிவிட்டு, "வாங்க, பிரயாணமெல்லாம் சவுரியமா?" என்றார்.

மனைவி சபிதா தலையில் அடித்துக்கொண்டாள். "அது நவநீதகிருஷ்ணன் அண்ணாச்சி மருந்தடிக்குத ட்ரோன்."

"ஏட்டி, மொதல்ல மிஷினத்தான் அனுப்புவாவ. அவிய பின்னால வருவாவ."

ட்ரோனைத் தேடி அண்ணாச்சி ஓடிவந்தார். முழங்கால்வரை சேற்றில் புதைந்து நின்றார்.

"சொன்னேம்லா" என்றபடி கிங்ஸ்டன் சங்கிலியை எடுத்தார்.