நான் நீக்கிய நான்கு வரிகள்

சிறையிலிருந்து வந்தவர்கள் எழுத வேண்டும், அவர்களை ஆதரிக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. நானும் அப்படிப் பேசியவள்தான். அதனால் எரிச்சல் இன்னும் கூடுதல்.

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையிலிருந்து எட்டுப் பக்க மாத இதழ் நடத்துகிறேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதி, கொள்ளிடத்து மணல், திருமானூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் பாடு, இவைதான் செய்திகள். விளம்பரம் வாங்குவதில்லை. எவன் போன் செய்து மிரட்டினாலும் ஒரு வரியைக்கூட எடுத்ததில்லை. இதைச் சொல்லிச் சொல்லியே பெயர் வாங்கினேன்.

அப்படிச் சிறையிலிருந்து வந்த ஒருவர், ஒரு மழை நாளில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஏழு கட்டுரைகளோடு வந்தார். அரும்பாவூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வரப்புத் தகராறில் ஒருவரைக் கொன்றதற்காக ஆயுள் தண்டனை பெற்று, பதினாறு வருடம் உள்ளே இருந்து, நன்னடத்தையில் வெளியே வந்தவர். தாளின் ஓரம்கூட விடாமல் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். உள்ளே தாள் கிடைக்காமல் பழகிய கை.

சிறையில் பார்வையாளர் வருவதை 'மனு' என்பார்களாம். மனைவி வருவதை நிறுத்திய பிறகும், ஒவ்வொரு மனு நாளிலும் தான் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை முதல் கட்டுரையில் எழுதியிருந்தார். எந்த இடத்திலும் அழுகை இல்லை. நான் பொறாமைப்பட்டேன். எனக்கு அப்படி எழுத வராது.

அந்தக் கட்டுரையின் நடுவில் நான்கு வரிகள் இருந்தன:

"அடித்தது நான்தான். மண்வெட்டிக் காம்பால் இரண்டு அடி. முதல் அடியிலேயே அவன் விழுந்துவிட்டான். இரண்டாவது அடி தேவையில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்."

அந்த நான்கையும் எடுத்துவிட்டேன். யாரும் சொல்லவில்லை, நானேதான் எடுத்தேன். இதழுக்குத் துணையாக இருக்கும் வாசகர்கள் சிலரிடம் அவரைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். எல்லாருமே கேட்ட முதல் கேள்வி, "பாவம், பொய் கேஸா?" நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அந்த வரிகள் போனால் ஒரு தொடரே கொண்டுவரலாம், யாராவது புத்தகமாகக்கூடப் போடுவார்கள் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு சரியாகத்தான் இருந்தது. கட்டுரை அச்சானதும் கடிதங்கள் வந்தன. கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம் என்று ஒருவர் பேசினார். இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன்.

மூன்றாம் நாள் காலை அவர் மாடிப்படி ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அந்த நாலு வரி எங்க மேடம்?"

"எடம் பத்தலண்ணே."

"கீழ நெலாவப் பத்தி ஒரு கவித போட எடம் இருந்துச்சே."

 ஊரில் நடந்ததை அவரே சொன்னார். இறந்துபோனவரின் மனைவியும் அதே ஊரில்தான் இருக்கிறார். வழக்கு நடந்த வருடங்கள் முழுக்க, வக்கீல் பேச்சைக் கேட்டு இவர் கோர்ட்டில் 'நான் அடிக்கவில்லை' என்றே சொல்லியிருக்கிறார். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறார். விடுதலையாகி வந்ததும் கோயில் வாசலில் ஊர் முன்னால் நின்று 'நான்தான்' என்று ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான், ஊரில் இருந்துகொள்ளட்டும், தங்கள் தெருவுக்குள் மட்டும் வரக்கூடாது என்று அந்த அம்மா சொன்னார். இப்போது டீக்கடையில் எங்கள் இதழைச் சத்தமாகப் படித்திருக்கிறார்கள். அடித்தேன் என்று ஒரு வரிகூட இல்லையே, மறுபடியும் இல்லை என்கிறான் என்று ஊரே கொதித்துவிட்டது.

"இந்த வாரத்துக்குள்ள வூட்டக் காலி பண்ணுன்னுட்டாங்க. அம்பத்தெட்டு வயசுல எங்க போவேன்? உள்ள இருந்தப்பகூட அந்த வூட்ட நெனச்சுத்தான் இருந்தேன்."

"நான் வந்து பேசுறேன்ணே."

"நீங்க பேச வேணாம். நான் எழுதுன தாள மட்டும் எடுத்துக்கிட்டுப் போயி அந்தம்மாவுக்குப் படிச்சுக் காட்டுங்க. அவுங்க தெருவுக்கு நான் போவ முடியாது."

பெரம்பலூரில் பஸ் மாறிப் போனேன். வழியெல்லாம் மனதுக்குள் எனக்கு நானே வாதாடிக்கொண்டு வந்தேன். பொன்னாடைக்காரரைத் திட்டினேன், வாசகர்களைத் திட்டினேன். பஸ் மெதுவாகப் போகிறது என்று கண்டக்டரிடமும் சண்டைக்குப் போனேன்.

அந்த அம்மா வெங்காயக் காட்டில் வேலையாக இருந்தார். வேப்பமர நிழலில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து சின்ன வெங்காயத்தின் தாளை அறுத்துக்கொண்டிருந்தார்கள். நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, பேப்பர்காரம்மாவா? வா வா." அரிவாளை நிறுத்தவில்லை. "எம்புருசன் பேரு என்னான்னு சொல்லு பாப்போம்."

எனக்குத் தெரியவில்லை. அவரைக் கொன்றவர் எழுதியதை ஒன்றரைப் பக்கம் அச்சடித்திருக்கிறேன், செத்தவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

"தெரியாதுக்கா."

"தெரியாது. அவன் தல சீவுனதெல்லாம் தெரியும். எங்க வூட்டுக்காரரு பேரு தெரியாது." பக்கத்திலிருந்த பெண் ஒருத்தி சிரித்தாள். சிரிக்க வேண்டியதுதான்.

அவர் எழுதிய தாளை எடுத்து அந்த நான்கு வரிகளைப் படித்தேன்.

"திருப்பிப் படி."

படித்தேன். எல்லார் கையும் நின்றிருந்தது.

"ரெண்டாவது அடி வேணாம்னு தெரிஞ்சுதான் அடிச்சேன்னு எழுதியிருக்கானா?"

"ஆமாக்கா."

"இத அவன் கோயில் வாசல்லகூட சொல்லல." அரிவாளைக் கீழே வைத்தார். "இத எதுக்கும்மா எடுத்த?"

"படிக்கிறவங்க அவர வெறுத்துருவாங்கன்னு…"

"வெறுத்துட்டுப் போவட்டும். வெறுத்தாலும் சரின்னு அவனே எழுதியிருக்கான், உனக்கென்ன வந்துச்சு?"

அடுத்த மாத இதழில் முதல் பக்கத்திலிருந்தே முழுசாகப் போடுகிறேன், எடுத்தது நான்தான் என்றும் போடுகிறேன் என்றேன். நீங்கள் சொல்வதையும் எழுதிக்கொள்கிறேன் என்று நோட்டை எடுத்தேன்.

"நோட்ட உள்ள வையி. நான் சொல்றதுல எத எடுப்பியோ." மறுபடி அரிவாளைக் கையில் எடுத்துக்கொண்டார். "அவன் இருக்கட்டும், நான் ஊர்ல சொல்லிக்கிறேன். உம் பேப்பரு இந்த ஊருக்குள்ள வரக்கூடாது. கெளம்பு, பஸ்ஸு போயிடும்."

கட்டுரை எழுதியவர் அரும்பாவூர் பஸ் ஸ்டாப்பில் காத்துக்கொண்டிருந்தார். சொன்னேன். வீடு பிழைத்ததைக் கேட்டதும் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தத் தாளக் குடுங்க மேடம். ஆபீஸ்ல இருக்குறதையும் அனுப்பி வச்சுருங்க."

"அடுத்த இதழ்ல முழுசாப் போடப் போறேண்ணே."

"அத போட்டோ எடுத்துக்கிட்டுப் போடுங்க. அது அவுங்களுக்குச் சேர வேண்டியது. மத்தது வேணாம்."

"ஒரு வார்த்தகூட எடுக்க மாட்டேன், சத்தியமா."

"உள்ள வார்டர் கடிதாசிய வாசிச்சுட்டுக் கோடு போட்டு அடிப்பாரு. அடிச்சது தெரியும். நீங்க அடிச்சது தெரியல பாருங்க."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

சொன்னபடி முழுக் கட்டுரையையும் போட்டேன். எடுத்தது நான் என்று மேலேயே அச்சடித்தேன். இந்த முறை இறந்தவரின் பெயரையும் கேட்டுப் போட்டிருந்தேன். பொன்னாடைக்காரர் அதன்பிறகு போன் செய்யவில்லை. சில பேர் சந்தாவை நிறுத்தினார்கள், நிறுத்தட்டும். அந்த ஊருக்கு மட்டும் இதழ் போவதில்லை.

மிச்சமிருந்த ஆறு கட்டுரைகளையும் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பிரதி எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று ஜெராக்ஸ் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். எடுக்கவில்லை. அவர் இன்னும் எழுதுகிறார் என்று கேள்வி. எதில் எழுதுகிறார் என்று தெரியவில்லை. கடையில் தொங்கும் எந்தச் சிற்றிதழைப் பார்த்தாலும் எடுத்துப் புரட்டுகிறேன், கடைக்காரர் முறைக்கிற வரைக்கும்.