மாதேவி கழற்றிய பல்புகள்

மைசூர் விஜயநகரில் ஒரு கலை அறக்கட்டளைக்குச் சொந்தமான நாடக அரங்கம் இருக்கிறது. மேடைக்கு மேலே குறுக்காக ஓடும் இரும்புக் குழாய்களில் பழைய ஸ்பாட் விளக்குகள் தொங்குகின்றன. எல்லாம் ஹாலஜன் பல்பு போடுகிறவை. வாங்கியபோதே அவை புதியவை அல்ல. பெங்களூரில் மூடப்பட்ட ஓர் அரங்கத்திலிருந்து லாரியில் வந்தவை. சிலவற்றின் லென்ஸில் கீறல் உண்டு. உடைந்த கண்ணாடி கீழே விழாமல் தடுக்க முன்பக்கம் இருக்க வேண்டிய கம்பிவலை பாதிக்கு மேற்பட்ட விளக்குகளில் இல்லை. இவற்றைத் துடைத்து, ஒயர் மாற்றி, பல்பு மாற்றி எரியவைத்துக்கொண்டிருப்பவள் மாதேவி.

ஹனூர் பக்கம் ராகி விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மைசூர் வந்தாள். கணவன் நஞ்சுண்டசாமி குண்டலுபேட்டையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் டெம்போ ஓட்டுகிறான். மாதேவி முதலில் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடையில் வேலை பார்த்தாள். ஒயரை இழுத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதையும், எங்கே சூடாகிறது என்பதை மூக்காலேயே கண்டுபிடிக்கலாம் என்பதையும் அங்கேதான் கற்றாள். அரங்கத்தின் மின்விசிறி ஒன்றைப் பழுதுபார்க்க வந்தவளை மேனேஜர் கைலாசநாதன் விளக்குகளையும் பார்க்கச் சொன்னார். அது முதல் வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்து அங்கேயே இருக்கிறாள்.

அங்கே நடந்த நாடகம் எல்லாவற்றையும் அவள் பார்த்திருப்பாள் என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஒன்றைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. பக்கத்துத் திரைக்குப் பின்னால் நின்று அண்ணாந்து விளக்குகளையே பார்ப்பாள். ராஜா செத்தானா பிழைத்தானா என்று கேட்டால் தெரியாது. அவன் விழுந்தபோது ஓர விளக்கு லேசாகத் துடித்தது தெரியும்.

அவள் ஊருக்கெல்லாம் சொல்லும் ஒரே கட்டளை, ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது. விரலின் பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் அதிகமாகச் சூடேறி, வெளுத்து, புடைத்து, ஒருநாள் வெடித்துவிடும். ஒருமுறை வெளியூர் நடிகர் ஒருவர் ஆசையாக ஒரு பல்பைக் கையில் எடுத்துவிட்டார். மாதேவி துணியோடு போய் அதை வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள்.

"என் கை சுத்தமாத்தானேம்மா இருக்கு?" என்றார் அவர்.

"சுத்தந்தானுங்க. ஆனா பல்புக்கு அது தெரியாதுங்களே."

இந்த வருடம் தசரா முடிந்த பிறகு பல்புகள் வெடிக்க ஆரம்பித்தன. முதலாவதை யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு இரண்டு, அடுத்தடுத்த நாட்களில். நான்காவது பல்பு ஒத்திகையின்போது வெடித்தது. கூடவே லென்ஸும் உடைந்து, சூடான துண்டுகள் மேடையில் விழுந்தன. நல்லவேளை, அந்த இடத்தில் யாரும் நிற்கவில்லை.

கைலாசநாதன் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். விளக்குகளை இயக்கும் பரத்தும் அங்கே இருந்தான்.

"மாதேவி, வெயில் காலத்துல ஹோல்டரெல்லாம் மாத்தினது நீதானே?"

"நாந்தானுங்க."

"மாத்தறதுக்கு முன்னாடி இப்படி வெடிச்சுதா?"

"இல்லீங்க."

"அப்போ கமிட்டிக்கு நான் என்னன்னு சொல்றது? மாசக் கடைசியில உன் கான்ட்ராக்ட் வருது. ஹோல்டர்தான் காரணம்னா நான் உனக்காக வாயே திறக்க முடியாது."

பரத் குறுக்கிட்டான். "சார், சும்மா அக்காவைச் சொல்லாதீங்க. வோல்டேஜ் ப்ராப்ளம். இந்த ஏரியா பூரா அப்படித்தான். எங்க வீட்டு ஃபிரிட்ஜே போயிடுச்சு."

"உங்க வீட்டு ஃபிரிட்ஜுக்கும் மாதேவிதான் ஹோல்டர் போட்டாளா?" என்றார் கைலாசநாதன்.

சனிக்கிழமை மாலை ஒரு பள்ளியின் குழந்தைகள் நாடகம். மதியம் அவர்களுக்கு மேடையில் ஒத்திகை. மாதேவி அன்று காலையிலேயே வந்துவிட்டாள். மீட்டரை வைத்துப் பார்த்தாள். வோல்டேஜ் சரியாகத்தான் இருந்தது. வெடித்த விளக்குகளின் ஹோல்டர்களைக் கழற்றினாள். கருகல் இல்லை, தளர்வு இல்லை. பல்பின் கால்கள் பளபளவென்றுதான் இருந்தன. பிறகு, அட்டைப் பெட்டியில் எடுத்துவைத்திருந்த உடைந்த பல்புகளை ஒரு காகிதத்தின் மேல் கொட்டினாள்.

ஒவ்வொன்றிலும் மிளகு அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. எல்லாம் நடு வயிற்றில், ஒரே பக்கத்தில். கையில் பிடித்த தடமென்றால் இரண்டு பக்கமும் விழும். இது ஒற்றை விரல். ஏணியில் ஏறி, வெடிக்காத இரண்டு பல்புகளைக் கழற்றி வந்து பார்த்தாள். அவற்றிலும் அதே இடத்தில் வெள்ளை. ஒன்று புடைக்கவே தொடங்கியிருந்தது. அவளுக்குக் கோபம் வந்தது.

மேடையைப் பெருக்கிக்கொண்டிருந்தவள் ரங்கம்மா. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், மாதேவிக்கு மூத்தவள்.

"ரங்கம்மாக்கா, பல்பு மேல ஆரு கை வெச்சது?"

"என்னை எதுக்குக் கேக்கறே? உன் பல்பு இருக்கற திசையிலகூட நான் கால் வெக்கறதில்ல."

"ஆரோ தொட்டிருக்கறாங்கக்கா. ஒண்ணு விடாம. ஒரே எடத்துல, ஒத்த வெரல்ல."

ரங்கம்மா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா தாயே, இது நீ வெச்ச பொட்டு."

"என்ன பொட்டு?"

"ஆயுத பூஜை அன்னிக்கு வாழையிலையில வரிசையாப் படுக்கவெச்சு, நீதானே சந்தனமும் குங்குமமும் வெச்சே? நான் தட்டைப் புடிச்சுக்கிட்டு நின்னேனே. ஊர்ல ஒருத்தரையும் தொட விடமாட்டே, நீ மட்டும் தொடுவியா? பேஷ்!"

"அது பூஜை அக்கா. தொட்டதுல சேருமா அது?"

"பல்புக்கு அது தெரியுமா?"

மாதேவி உட்கார்ந்துவிட்டாள். மற்ற வருடங்களில் பொட்டு விளக்கின் இரும்புக் கூட்டுக்குத்தான் போகும். இந்த முறை உள்ளே இருக்கும் பிரதிபலிப்புத் தகடுகளைத் துலக்குவதற்காகப் பல்புகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்திருந்தாள். இலையில் ஸ்குரூடிரைவர், குறடு, டெஸ்டர், பக்கத்தில் பல்புகள். இலையில் இருக்கும் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் விடும் வழக்கம் இல்லை. கை தன்பாட்டுக்கு வரிசை முடியும்வரை போயிருக்கிறது. மறுநாள் உலர்ந்த துணியால் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டாள். பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் போனது, கண்ணாடியிலிருந்து போகவில்லை.

அப்போது வந்த பரத்திடம் ரங்கம்மாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவன் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இதை யார் கிட்டயும் சொல்லாதீங்க. ஹோல்டர் நல்லா இருக்கு, அதை மட்டும் காட்டுங்க. வோல்டேஜ்னு நான் எழுதிக் கொடுக்கறேன். ஸ்டெபிலைசர் வாங்குவாங்க, முடிஞ்சுது. உங்க பேரே வராது."

அவன் சொன்னதில் தவறில்லை, அப்படித்தான் முடிந்திருக்கும். கைலாசநாதனும் பாதி நம்பியிருந்தார். மாதேவி அண்ணாந்து பார்த்தாள். மீதிப் பல்புகள் எல்லாம் மேலேயே இருந்தன, ஒவ்வொன்றும் தன் பொட்டோடு. கீழே மதியத்திலிருந்து குழந்தைகள் நிற்பார்கள். எல்லாவற்றையும் இறக்க வேண்டுமானால் ஒத்திகையை நிறுத்த வேண்டும். வோல்டேஜ் சரியில்லை என்று சொல்லிப் பல்பை இறக்கச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அவள் அலுவலக அறைக்குப் போனாள்.

"சார், ஹோல்டர் நல்லாத்தான் இருக்குதுங்க. வோல்டேஜும் இல்லீங்க. நாந்தான் பல்பு மேல பொட்டு வெச்சுப்போட்டனுங்க."

அவருக்குப் புரியவில்லை. உடைந்த துண்டு ஒன்றை மேஜைமேல் வைத்து விளக்கினாள்.

"பூஜையில நானும்தானே இருந்தேன்? நான் பாக்கலையே?"

"நீங்க கண்ண மூடிக் கும்புட்டுக்கிட்டு இருந்தீங்க."

கைலாசநாதன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பூஜை பண்ணினதால பல்பு வெடிச்சுதுன்னு நான் போய் கமிட்டியில சொல்லணுமா?"

"பூஜையால இல்லீங்க. என்னாலதானுங்க."

"அதைச் சொன்னா உன்னை வெச்சுக்க மாட்டாங்கம்மா. அது புரியறதா உனக்கு?"

"புரியுதுங்க. எல்லாப் பல்பையும் இப்பவே எறக்கோணுங்க. ஸ்டோர்ல பொட்டு வெக்காத புதுப் பல்பு கொஞ்சம் கெடக்குது. பாதி மேடைக்கு வருங்க."

"பாதி மேடையில எப்படிம்மா ட்ராமா போடறது?"

"கொளந்தைங்கதானுங்களே. நெருக்கி நிக்கலாமுங்க."

ஒத்திகை ரத்தானது. பரத் முணுமுணுத்தபடியே ஏணியைப் பிடித்துக்கொண்டான். சூடுபட்டு வெளுத்த கண்ணாடியைத் துடைத்துச் சரிசெய்ய வழியில்லை. ஆகவே இறக்கிய பல்புகள் எல்லாம் குப்பைக்குத்தான் போயின. மாலையில் குழந்தைகள் மேடையின் இடப்பக்கமாக நெருங்கி நின்று நடித்தார்கள். மரமாக வேஷம் போட்ட பையன் மட்டும் கடைசிவரை இருட்டில் நின்றான். அவன் அப்பா மட்டும் வந்து குறைப்பட்டுக்கொண்டார். எந்தப் பல்பும் வெடிக்கவில்லை.

மாதக் கடைசியில் கமிட்டி கூடியது. பல்புகளின் மேல் படிந்த அழுக்குதான் காரணம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். பூஜை என்ற சொல் அதில் இல்லை. மாதேவியின் ஒப்பந்தத்தை வழக்கமான ஒரு வருடத்துக்குப் பதிலாக மூன்று மாதத்துக்குப் புதுப்பித்தார்கள். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள்.

கைலாசநாதன் இதைச் சொன்னபோது மாதேவி நின்றபடியே கேட்டாள். புதுப் பல்புகள் எப்போது வரும் என்று கேட்டாள். அடுத்த வாரம் என்றார். விளக்குகளுக்கு முன்னால் கட்டக் கம்பிவலை வேண்டும் என்றாள். அதற்குக் கமிட்டியில் ஒப்புதல் வாங்கவில்லையே என்றார் அவர்.

"வாங்குங்க சார். இந்த மூணு மாசத்துக்குள்ளயே கட்டிப்போடறன்" என்று சொல்லிவிட்டு, லென்ஸ்களின் அகலத்தை அளக்க மேடைக்குப் போனாள்.